பட்டம் வாங்கியாயிற்று, அடுத்து ஆய்வகம்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியலோ உயிரித் தொழில்நுட்பமோ முடித்த கையோடு ஆராய்ச்சிக்கு வருபவர்களில் பலர், தொற்றுநோய்ப் பக்கம் போவதா, புற்றுநோய்ப் பக்கம் போவதா என்று குழம்புகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்திலேயே நிறைய வேலை காத்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். கல்லீரல் புற்றுநோய்க்குப் பின்னால் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள். இரைப்பைப் புற்றுநோய்க்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா. 2018-இல் உலகில் புதிதாக வந்த புற்றுநோய்களில் சுமார் 13 சதவீதத்துக்குத் தொற்றே காரணம்.

உள்ளே நுழையும் வழி

படிக்கும்போதே தொடங்குவது நல்லது. நம் நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். படிப்பு முடிந்தபின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எழுதுங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கிடைக்காவிட்டால் ஓராண்டை வீட்டில் கழிக்காதீர்கள். ப்ராஜெக்ட் அசோசியேட் வேலைக்கு முயலுங்கள். சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அடையாறு புற்றுநோய் மையம், திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், நவி மும்பையின் ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் ஆகியவற்றின் இணையதளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள்.

முதலில் கை பழகட்டும்

சேர்ந்த உடனே பெரிய கருவிகளைத் தொட ஆசை வரும். முதல் மூன்று மாதம் செல் வளர்ப்புக்கும் பாதுகாப்புக்கும் கொடுங்கள். கல்லூரியில் பார்த்த லேமினார் ஹூட், மாதிரியை மட்டுமே காக்கும். சில வகைகளில் காற்று நேரே உங்கள் முகத்தை நோக்கி வரும். கிருமியோடு வேலை என்றால் உங்களையும் சேர்த்துக் காக்கும் பயோசேஃப்டி கேபினெட்தான் வேண்டும். அதிலும் முன்பக்கச் சல்லடைமேல் நோட்டை வைத்தால் காற்றோட்டம் கெடும். ரத்த மாதிரியைத் தொடுமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையையும் முடித்துவிடுங்கள். ஊசி குத்திவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

செல்லைச் சந்தேகப்படுங்கள்

பல ஆய்வகங்களில் இருக்கும் ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்லுக்குள் எச்.பி.வி. 18-இன் மரபணு இருக்கிறது. அது வேகமாக வளரும். ஒரே பிப்பெட்டை இரண்டு குடுவையில் விட்டால் போதும். மற்ற செல்லை ஓரங்கட்டிவிட்டு ஹீலா நிறைந்துவிடும். அதன்பிறகு, வைரஸே இல்லாத புற்றுநோயில் வைரஸைக் கண்டுபிடித்ததாக நீங்கள் எழுதிவிடக்கூடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு செல் வகைதான். எஸ்.டி.ஆர். சோதனையால் செல்லின் அடையாளத்தை உறுதி செய்யுங்கள். மைக்கோப்ளாஸ்மா புகுந்தால் ஊடகம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. அதற்கு முறையாக பி.சி.ஆர். பார்க்க வேண்டும்.

ஆய்வக நோட்டில் தேதி, செல்லின் பாசேஜ் எண், ரசாயனத்தின் லாட் எண் மூன்றும் அன்றைக்கே ஏற வேண்டும். சொதப்பிய சோதனையையும் எழுதுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஆர் மொழியும் புள்ளியியலும் படியுங்கள்.

சேருமுன் கேளுங்கள்

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அன்றாடம் எனக்குச் சொல்லித்தருவது யார்? என் உழைப்புக்குக் கட்டுரையில் பெயர் வருமா? முன்பு இங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே? இந்த மூன்றையும் நேர்காணலிலேயே பணிவாகக் கேளுங்கள். பிறகு அங்குள்ள மாணவர்களோடு தேநீர் குடித்துக்கொண்டே அதையே விசாரியுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் சேருங்கள்.

எச்.பி.வி.க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பூசி வந்துவிட்டது. ஹெபடைடிஸ் சி-க்கும் ஹெலிகோபாக்டருக்கும் இன்னும் வரவில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பழகிய கைகள் வேண்டும், நீங்கள் வாருங்கள்.