மூட்டை போன் வழியா வராது: வீட்டு மீடியா சென்டரை போனில் இயக்குவது எப்படி?

இந்த முறை ஒரு சின்ன நெட்வொர்க் பாடம். பாடம் தொடங்கினது லேபில் இல்ல, எங்க வீட்டு ஹாலில்.

போன பொங்கல் லீவுக்கு குரங்கணி பக்கம் இருக்கிற எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா கல்யாண வீடியோவைப் பார்க்கணும்னு அப்பத்தாவுக்கு ஆசை. தாத்தா நடந்து பேசுற மாதிரி எங்க கிட்ட இருக்கிற ஒரே வீடியோ அதுதான். பழைய சிடியில் இருந்ததை லேப்டாப்பில் ஏத்தி, மீடியா சர்வர் ஒண்ணு போட்டு, டிவியில் ஒரு காஸ்ட் டாங்கிளைச் சொருகினேன். போனில் தட்டினா டிவியில் ஓடுச்சு. அப்பத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலம் நெட் போயிடுச்சு. மலையடிவாரத்தில் இது சகஜம். ரவுட்டர் ஓடுது, வைஃபை இருக்கு, வீடியோ அதே அறையில் லேப்டாப்பில் இருக்கு. ஆனா டிவியில் படம் வரல. “இங்க இருக்கிற தாத்தாவைக் காட்ட எங்கேயோ இருக்கிற நெட்டு எதுக்குய்யா?”ன்னு அப்பத்தா கேட்டாங்க. மூணாவது வருஷம் படிக்கிற என்கிட்ட பதில் இல்ல. தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன்.

போன் உண்மையில் என்ன செய்கிறது?

போன் திரையை அப்படியே டிவியில் காட்டுவது மிரரிங். இதில் படம் முழுக்க போன் வழியாகத்தான் போகும். போன் சூடாகும், சார்ஜ் இறங்கும், கால் வந்தா படம் கெடும்.

காஸ்டிங் வேற. நம்ம ஊர் ஏலக்காய் வியாபாரத்தை நினைச்சுப் பாருங்க. கடையில் உட்கார்ந்து போனில் “இந்தத் தோட்டத்துச் சரக்கை இந்தக் குடோனுக்கு அனுப்புங்க”ன்னு சொல்லுவாங்க. சரக்கு ஜீப்பில் போடிமெட்டு இறங்கி நேரா குடோனுக்குப் போகும். மூட்டை போன் வழியா வராது! காஸ்டிங்கும் அப்படித்தான். போன், டிவிக்கு வீடியோவின் முகவரியை மட்டும் சொல்கிறது. டிவி நேராக சர்வரிடம் போய் எடுத்துக்கொள்கிறது. பாதியில் போனை ஆஃப் செய்தாலும் படம் பொதுவாக நிற்காது.

ஆக, ஒரு மீடியா மென்பொருளில் இந்த வசதியைச் சேர்க்கணும்னா மூணு வேலை இருக்கு.

1. ஆளைக் கண்டுபிடிப்பது

வைஃபையில் டிவி எங்கே இருக்குன்னு போனுக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி “யார் இருக்கீங்க?”ன்னு ஒரு மல்டிகாஸ்ட் செய்தி அனுப்பும். யூபிஎன்பி, டிஎல்என்ஏ கருவிகள் பயன்படுத்துவது எஸ்எஸ்டிபி: முகவரி 239.255.255.250, போர்ட் 1900. குரோம்காஸ்ட் வகைக் கருவிகள் பயன்படுத்துவது எம்டிஎன்எஸ்: முகவரி 224.0.0.251, போர்ட் 5353.

பல ஹாஸ்டல் வைஃபைகளில் டிவி போனுக்குத் தெரியவே தெரியாது. காரணம், ஒரே வைஃபையில் இருக்கிற கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி கிளையன்ட் ஐசோலேஷன் போட்டிருப்பாங்க. உங்க கோடு சரியா இருந்தாலும் பதில் வராது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதுறவங்க இன்னொன்றையும் கவனிங்க: மல்டிகாஸ்ட் லாக் எடுக்கலைன்னா, பேட்டரியை மிச்சப்படுத்த போன் இந்தச் செய்திகளை வடிகட்டிவிடலாம்.

2. கட்டளை சொல்வது

ஓடு, நில், பத்து நிமிஷம் தள்ளிப்போ. இதெல்லாம் மிகச் சின்னச் செய்திகள். குரோம்காஸ்ட் இவற்றை போர்ட் 8009-இல் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் வாங்குகிறது.

3. சரக்கை அனுப்புவது

லேப்டாப்பில் ஒரு எச்டிடிபி சர்வர் ஓடணும். இங்கே நாம் எல்லாரும் செய்கிற முதல் தப்பு, வீடியோவின் முகவரியாக 127.0.0.1 என்று கொடுப்பது. அது “நான்” என்று அர்த்தம். டிவி அதை வாங்கி, தனக்குள்ளேயே வீடியோவைத் தேடும்! 192.168 என்று தொடங்குகிற மாதிரி, லேப்டாப்பின் உள்நெட்வொர்க் முகவரியைத்தான் கொடுக்கணும். அடுத்து, படத்தின் நடுவுக்குத் தாவணும்னா சர்வருக்கு ரேஞ்ச் கோரிக்கை புரியணும். அப்போது அது 200-க்குப் பதிலாக 206 என்ற குறியீட்டோடு கேட்ட துண்டை மட்டும் அனுப்பும்.

டிவிக்கு அந்த வீடியோ வடிவம் புரியாவிட்டால்? 2018 பிப்ரவரியில் வந்த விஎல்சி 3.0 இதற்கு நல்ல உதாரணம். அதில்தான் குரோம்காஸ்ட் வசதி சேர்ந்தது. விஎல்சி தானே ஒரு சின்ன சர்வராக மாறி, தேவைப்பட்டால் வீடியோவை ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. ஆனால் பழைய லேப்டாப்புக்கு இந்த மாற்றும் வேலை பெரிய சுமை. முன்கூட்டியே எச்.264 வடிவத்துக்கு மாற்றி வைப்பது நல்லது.

அப்போ அப்பத்தா கேட்ட கேள்வி?

நம் டாங்கிளில் ஓடுவது பெரும்பாலும் ஒரு வலைப்பக்கம். போன் “இந்த ஆப்பைத் திற” என்றதும், டாங்கிள் அந்தப் பக்கத்தை இணையத்திலிருந்து இறக்கும். அதற்குப் பிறகுதான் வீடியோ முகவரியையே பார்க்கும். சரக்கு பக்கத்து அறையில் இருந்தாலும், குடோன் சாவி வெளியூரில்!

இது மலைக்கிராமத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 2025 மார்ச்சில் உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் திடீரென்று காஸ்ட் ஆகாமல் போயின. கருவி பழுதாகவில்லை. அது அசல்தான் என்று நிரூபிக்கிற சான்றிதழ் ஒன்று காலாவதி ஆகியிருந்தது. சில நாளில் கூகுள் சரிசெய்தது. ஆனாலும் நம் வீட்டுப் பொருள் ஓட வேறொருவர் தயவு வேணும் என்பதை அது காட்டிவிட்டது.

நெட் இல்லாமல் ஓடும் வழி

டாங்கிளைக் கழற்றினேன். லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் நேராக டிவியோடு இணைத்து, கோடி போட்டேன். (ஊர் போடி, மென்பொருள் கோடி!) 2002-இல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டிக்காக ஆரம்பித்து, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் கோடி என்று பெயர் மாறிய கட்டற்ற மென்பொருள் இது.

இதில் வீடியோ வைஃபையில் போகவே இல்லை. டிஸ்க்கிலிருந்து நேராகத் திரைக்கு. கட்டளை மட்டும்தான் போனிலிருந்து. செய்முறை இதுதான்:

• கோடி செட்டிங்ஸில் சர்வீசஸ், அதற்குள் கன்ட்ரோல். எச்டிடிபி வழி ரிமோட்டை அனுமதியுங்கள். வழக்கமான போர்ட் 8080. பாஸ்வேர்ட் கட்டாயம் வையுங்கள். ரவுட்டரில் இந்தப் போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்காதீங்க.

• போனில் கோர் என்ற ஆப். கோடி குழுவினரே தரும் ரிமோட் இது. தானாகக் கண்டுபிடிக்கவில்லை என்றால் முகவரியைக் கையால் கொடுங்கள். லேப்டாப்பின் முகவரி மாறாமல் இருக்க ரவுட்டரில் ஒதுக்கி வைக்கலாம்.

• நெட் இல்லாத வைஃபையைப் பார்த்ததும் சில போன்கள் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். “இணைந்தே இரு” என்று தேர்ந்தெடுங்கள்.

டேட்டா கணக்கையும் பாருங்க. நொடிக்கு 8 மெகாபிட் ஓடும் ஒரு வீடியோ, ஒரு மணி நேரத்துக்கு 28,800 மெகாபிட். எட்டால் வகுத்தால் 3,600 மெகாபைட், அதாவது 3.6 ஜிபி. மேகத்தில் ஏற்றி வைத்துப் பார்த்தால், தினம் 2 ஜிபி பேக் பாதிக் கல்யாணத்திலேயே தீர்ந்துபோகும். வீட்டுக்குள்ளேயே ஓடினால் பேக்கில் ஒரு எம்பி கூடக் குறையாது.

செய்து பாருங்க

கோடிக்குக் கட்டளை போவது ஜேசன்-ஆர்பிசி முறையில். எந்த மொழியிலும் ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பத் தெரிந்தால் போதும். பிளேயர்.ஓபன் கோப்பைத் திறக்கும், பிளேயர்.பிளேபாஸ் நிறுத்தி ஓட்டும், அப்ளிகேஷன்.செட்வால்யூம் சத்தத்தை மாற்றும். கோர் ஆப்பில் பட்டன்கள் அதிகம், எழுத்தும் சின்னது, அப்பத்தாவுக்குச் சரிப்படவில்லை. அதனால் நான் நாலு பெரிய பட்டனோடு ஒரு வலைப்பக்கம் எழுதினேன்: தாத்தா வீடியோ, ஓடு / நில், சத்தம் கூட, சத்தம் குறை. எல்லாம் தமிழில். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு எந்த நாலு பட்டன் வேணும்னு கேட்டு, நீங்களும் ஒண்ணு எழுதிப் பாருங்க.

எதை வடிவமைத்தாலும் ஒரு சோதனையை விடாதீங்க: ரவுட்டரில் இருந்து இணையக் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்க. நான் லேபில் கத்துக்காத சோதனை அது.

காணும் பொங்கல் அன்னைக்கும் நெட் இல்ல. அப்பத்தா முதல் பட்டனை அழுத்தினாங்க. பந்தியில் தாத்தா யாருக்கோ சாம்பார் ஊத்திக்கிட்டிருந்தார். அப்பத்தா ‘நில்’ பட்டனைத் தேடி அழுத்திட்டு, அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.