பாலர்க்குச் சங்கக் கட்டிடம் காட்டல்

ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஊர்க் கட்டிடங்களைக் காட்டுங்கால் பெயரைச் சொல்லி நிறுத்துதல் போதாது. கோயிலும் பள்ளிக்கூடமும் அவர்கள் தாமே அறிந்தவை. தபாற்பெட்டியில் ஒரு கார்டு போடச் செய்தால் தபால் நிலையமும் விளங்கிவிடும். விளங்காதது நம் சங்கக் கட்டிடமே. பெயர்ப்பலகையையும் கம்பி ஜன்னலையும் கண்டு பெரியோர் பலரே அதனைச் சர்க்கார் கச்சேரியென எண்ணி, வாயிலில் நின்றவாறே கைந்நாட்டிட்டு மீளுகின்றனர்; கணக்குக் கேட்கக் கூசுகின்றனர்.

ஆகையால், அங்கத்தினர்களே, பிள்ளையை உள்ளே அழைத்துச் செல்லுங்கள். தராசில் ஏற்றி நிறுத்துக் காட்டுங்கள். குழந்தைக்கு இதனினும் உவப்பானது வேறில்லை. உரமூட்டைகளை ஏன் மரச்சட்டத்தின்மேல் அடுக்கியுள்ளனர் எனக் கேளுங்கள். ஈரம் ஏறுமென்று நீங்களே சொல்லிவிடாமல், தரையைத் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.

"இது யாருடைய வீடு?" என்று பிள்ளை வினவும். நம்முடையது என்னுங்கள். 1904இல், கூட்டுறவுச் சட்டம் பிறந்த ஆண்டிலேயே, அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் குடியானவர்கள் சங்கம் கண்டதையும், அவ்வாறே நாமும் பங்குப்பணம் போட்டுச் சேர்ந்ததையும் கதையாகச் சொல்லலாம். பின்னர் அங்கத்தினர் பதிவேட்டில் தகப்பனார் பெயரைக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை தானே படிக்கட்டும். "அம்மா பெயர் எங்கே?" என்று அடுத்துக் கேட்கும். இல்லையாயின், அன்றே காரியதரிசியிடம் ஓர் அங்கத்தினர் மனுப் படிவம் வாங்கி வாருங்கள்.