கடல் கடந்து இயங்கும் யந்திரக்கை

ஜப்பான் தேசத்துப் பட்டணங்களில் இரவும் பகலும் அடையாது திறந்திருக்கும் சிறு கடைகள் பல்லாயிரம் உள. அவற்றில் பானம் வாங்குவோர் முன்புறத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்து புட்டியை எடுப்பர். ஒழிந்த இடத்தை நிரப்பும் ஊழியரோ, பின்புறத்துக் குளிரறைக்குள் நின்று சரிந்த தட்டுகளில் புதிய புட்டிகளை வைப்பர். அவை தாமே முன்னோக்கி நழுவும். குளிரில் நின்று இவ்வாறு நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்தல் இளைஞர்க்கும் இடரே. 2008-ஆம் ஆண்டிற்குப்பின் மக்கட்டொகை குறைந்துவரும் அந்நாட்டில் இவ்வேலைக்கு ஆள் கிடைத்தல் அரிதாயிற்று.

2017-இல் டோக்கியோவில் தோன்றிய டெலிஎக்ஸிஸ்டன்ஸ் கம்பெனியார் இதற்கென ஒரு ரோபோவை அமைத்து, 2020-இல் கடைகளில் வைத்துப் பரீட்சித்தனர். 2022-இல் பாமிலிமார்ட் கடைகள் 300-இல் அதனை நிறுவும் ஏற்பாடு வெளியாயிற்று. கம்பெனியார் கூற்றின்படி, நூற்றுக்கு 98 பங்கு வேலையை யந்திரம் தானே முடிக்கின்றது. எஞ்சிய 2 பங்கே நாம் ஈண்டு ஆராயத்தக்கது.

புட்டி சாய்ந்து விழுந்தால் யந்திரம் திகைத்து நின்றுவிடும். அப்பொழுது பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலா நகரத்தில் அமர்ந்துள்ள ஊழியரொருவர், கண்களை மூடிய காட்சிக்கருவியினூடே அக்குளிரறையைக் கண்டு, தம் கையிலுள்ள பிடிகளை அசைப்பார். டோக்கியோவில் யந்திரக்கை அவ்வாறே அசையும்.

இத்தத்துவம் புதியதன்று. அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிசாலையில், 1940-களின் பிற்பகுதியில், ரேமண்ட் கோர்ட்ஸ் என்பார் கதிரியக்கப் பொருள்களைச் சுவருக்கு அப்பால் நின்று கையாளும் கருவியை ஆக்கினார். ஆங்கே தூரம் ஒரு சுவரளவே. ஈண்டோ ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லுமாதலின், போய்வரும் காலம் வினாடியில் நூற்றில் மூன்று பங்கேயாம். இழை நேராகச் செல்லாமையானும், படத்தைச் சுருக்கி விரிக்க வேண்டுதலானும் தாமதம் இன்னும் மிகும். தன் கை அசைந்தபின் சற்றுப் பிந்தியே காட்சி அசைவதைக் காணும் ஊழியர்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகக்கூடும். பௌதிகம் பயிலும் நம் மாணவர் இதனை வெறுங் கணக்கென்று விடலாகாது.

இத்தகைய கருவியால் நன்மை விளைந்தமையும் உண்டு. டோக்கியோவின் நிஹோன்பாஷிப் பகுதியில் 2021-இல் திறக்கப்பெற்ற காப்பிக்கடையொன்றில், படுக்கை விட்டெழ இயலாதார் தம் வீட்டிலிருந்தே சிறு ரோபோக்களை இயக்கி விருந்தினரை உபசரித்து ஊதியம் பெறுகின்றனர்.

மணிலா ஊழியர் நிலை அத்தன்மைத்தன்று. வேலை நிகழ்வது ஜப்பானில். கூலியோ மணிலா விலைவாசிக்கு ஏற்ப. முன்னாளில் கூலி நாடிச் சென்றோர் உடலோடு கடல் கடந்தனர். சென்றவிடத்தே குடியேறவும், அந்நாட்டுக் கூலியைக் கேட்கவும் அவர்க்கு ஒரு வழி இருந்தது. இவர் கை மட்டுமே கடக்கின்றது. அன்றியும், அக்கையின் ஒவ்வோர் அசைவும் பதிவாகி யந்திரத்திற்குப் பாடமாகக் கூடியது. அப்பாடம் முற்றி அந்த 2 பங்கும் சுருங்குமாயின், கற்பித்தவர்க்குக் கம்பெனியார் யாது தருவர் என்பதே நாம் கேட்க விரும்புவது.