தோட்டத்துத் திடலுக்கு வைஃபை: பெட்டி வாங்குமுன் நடந்து பாருங்கள்



தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலை அடிவாரத்தில் நின்று ஒரு படம் அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? புந்தோங்கிலிருந்து இரதம் வந்து சேரும் நேரம், காவடிகள், கூட்டம். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் நிறையவே இருக்கும். படம் மட்டும் போகாது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொரு நாள் செம்பனைக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே கோடே இருக்காது. “கோயில் படிக்கட்டுல ஏறி நின்னா ஒரு கோடு வரும்” என்பார்கள்.

இரண்டு இடத்திலும் நாம் சொல்வது ஒன்றுதான்: “லைன் இல்லப்பா!” ஆனால் நோய் வேறு, மருந்தும் வேறு. தோட்டத்தில் சிக்னல் வந்து சேரவில்லை. கல்லுமலையில் சிக்னல் வந்துவிட்டது, ஆனால் ஒரே பாதையில் ஆயிரக்கணக்கானோர் முட்டிக்கொள்கிறார்கள். முதலாவது எட்டும் தூரத்தின் பிரச்சினை. இரண்டாவது தாங்கும் அளவின் பிரச்சினை. இதைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டி வாங்கினால் பணம்தான் வீண்.

நம் இளைஞர் குழு ஒரு தோட்டத்துக் கோயில் திடலுக்கும் அதை ஒட்டிய வீடுகளுக்கும் வைஃபை அமைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது?

1. முதலில் யாருக்கு?

திருவிழா ஆண்டுக்குச் சில நாள். பிள்ளைகளின் படிப்பு ஆண்டு முழுக்க. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது இது எல்லாருக்கும் புரிந்தது. நகரத்துப் பிள்ளை வீட்டிலிருந்து பாடம் கேட்டது. லைன் இல்லாத இடத்துப் பிள்ளை சிக்னலைத் தேடி அலைந்தது. அதே ஆண்டு சபாவில் ஒரு மாணவி மரத்தின் மேல் தங்கிப் பரீட்சை எழுதியதை நாடே பார்த்தது.

ஆகவே அன்றாடத் தேவைக்கு முதலில் திட்டமிடுங்கள். மண்டபத்தில் மாலை வகுப்பு, வீட்டில் பாடம், பெரியவர்கள் வெளியூர்ப் பிள்ளைகளோடு பேசுவது. திருவிழாவுக்கு வேண்டியதைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

2. நடந்து பாருங்கள்

திடலின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். மண்டபம், தண்ணீர்த் தொட்டி, மரங்கள், மின்சாரம் எடுக்கக்கூடிய இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். இரவல் வாங்கிய ஒரு வைஃபை பெட்டியை மூங்கில் கம்பில் கட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். ஒருவர் கைப்பேசியோடு நடக்க, இருபது அடிக்கு ஒரு முறை சிக்னல் அளவைப் படத்தில் எழுதுங்கள். சிக்னலை எண்ணில் காட்டும் இலவசச் செயலிகள் நிறைய உண்டு.

அந்த எண் டிபிஎம் என்ற அளவில் கழித்தல் குறியோடு வரும். சுழிக்கு நெருங்க நெருங்க நல்லது. கழித்தல் 67 இருந்தால் காணொளி வகுப்பு நன்றாக ஓடும். கழித்தல் 75-ஐத் தாண்டினால் திணறும்.

ஒரு கணக்கு. 100 மில்லிவாட் சக்தியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் பெட்டி, மறைப்பே இல்லாத வெளியில் 100 மீட்டரில் சுமார் கழித்தல் 60 காட்டும். தூரம் இரட்டிப்பானால் 6 குறையும். 200 மீட்டரில் கழித்தல் 66, 400 மீட்டரில் கழித்தல் 72. இது காகிதத்துக் கணக்கு. இடையில் சுவர், ஈர இலை, மனிதக் கூட்டம் வந்தால் இன்னும் இறங்கும். தண்ணீர் வானொலி அலையை உறிஞ்சும். நம் உடம்பிலும் தண்ணீர்தானே அதிகம். அதனால்தான் பெட்டி தலைக்கு மேலே இருக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்ததும் மறுபடி ஒரு முறை நடந்து அளங்கள்.

“அப்போ பெரிய சக்தி உள்ள பெட்டி வாங்கலாமே அண்ணே?” என்று கேட்பீர்கள். கோயில் ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். அதன் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்கும். ஆனால் தோட்டத்து மூலையிலிருந்து நீங்கள் கூப்பிட்டால் கோயிலில் கேட்குமா? இணையம் இருவழிப் பேச்சு. கைப்பேசியின் குரல் சின்னக் குரல். பெட்டி எவ்வளவு கத்தினாலும், உங்கள் பதில் அதற்குக் கேட்காவிட்டால் பயனில்லை. ஒரு பெரிய பெட்டியைவிட, சரியான இடங்களில் இரண்டு மூன்று சாதாரணப் பெட்டிகள் மேல்.

3. இணையம் எங்கிருந்து வரும்?

வைஃபை பெட்டி இணையத்தை உண்டாக்காது. பகிர்ந்து மட்டும் கொடுக்கும். தோட்டத்துக்குள் கம்பி வராவிட்டால், பெரிய சாலையோரம் லைன் உள்ள ஒரு கட்டடத்திலிருந்து ஆன்டெனா வழியாகக் கொண்டுவரலாம். இரண்டு ஆன்டெனாக்கள் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்று குறுக்கே வந்தால் அந்த வழியே கிடையாது. சுற்றி வர வேறு மேட்டைத் தேட வேண்டும்.

குன்று இல்லாவிட்டாலும் செம்பனை உண்டு. வானொலி அலை நூல் பிடித்ததுபோல் போவதில்லை. வெள்ளரிக்காய்போல நடுவில் பருத்துப் போகும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவில் அதன் ஆரம் சுமார் 5 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 3 மீட்டர், மறைப்பின்றி இருக்க வேண்டும். வழியில் மரம் 12 மீட்டர் என்றால் பார்வைக் கோடு 15 மீட்டரில் போக வேண்டும். செம்பனை ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வளரும். நான்கு ஆண்டுக்குத் தாங்க வேண்டுமானால் 17 மீட்டர். இன்று நன்றாக ஓடும் லைன் இரண்டு ஆண்டில் மெல்ல மெல்லச் செத்துப்போவதற்கு இது ஒரு காரணம்.

4. எத்தனை பேர் தாங்கும்?

திருவிழாவுக்கு 300 பேர். ஒரே நேரத்தில் 60 பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கொள்வோம். ஆளுக்கு 2 மெகாபிட் என்றால் 120 வேண்டும். கையில் இருப்பது 100 மெகாபிட் லைன் என்றால், ஆளுக்கு 1 மெகாபிட் என்று ரௌட்டரில் வரம்பு வையுங்கள். வாட்ஸ்அப் படத்துக்கு அது தாராளம். பூஜை நேரலைக்குத் தனிப் பங்கு ஒதுக்கி, அந்தக் கேமராவை வைஃபையில் விடாமல் கம்பியில் இணையுங்கள்.

ஒரு பெட்டிக்கு 30 பேர் என்று கணக்குப் போட்டால் இரண்டு போதும், கையிருப்பாக மூன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். மூன்று பெட்டிக்கும் மூன்று தடங்களைக் கொடுங்கள். பெட்டிக்குப் போகும் சாதாரணச் செப்புக் கம்பி 100 மீட்டர் வரைதான். அதற்கு மேல் கண்ணாடியிழைக் கம்பி.

5. தேனி கற்றுத்தந்த பாடம்

தமிழ்நாட்டுத் தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை நிலையங்களை நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. ஊரில் இருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் பார்த்தார். சாதாரண வைஃபை பெட்டி, நல்ல ஆன்டெனா, கொஞ்சம் மாற்றிய மென்பொருள், அவ்வளவுதான்.

அதை அமைத்த பொறியாளர்கள் பிறகு எழுதியது நமக்கு முக்கியம். அதிகம் தொல்லை கொடுத்தது வானொலி அலை அல்ல, மின்சாரம்! ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைக் கெடுத்தது. உள்ளூர் ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்தால்தான் வலையமைப்பு நிலைத்தது.

பேராக்கில் இடியும் மின்னலும் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. கம்பத்துக்கு நில இணைப்பு, மின்னழுத்தத் தடுப்பு, ஒரு சின்ன யூபிஎஸ். இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்காமல் வரவுசெலவுக் கணக்கை முடிக்காதீர்கள்.

6. கேட்டுச் செய்யுங்கள்

தோட்டத்து நிலம் பெரும்பாலும் கம்பெனியுடையது. கம்பம் நடுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோபுரத்திலோ விமானத்திலோ எதையும் மாட்ட வேண்டாம். மண்டபக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் போதும். கோயில் நிர்வாகத்தாரிடமும் பூசாரி ஐயாவிடமும் முதலில் பேசுங்கள். மலையடிவாரக் கோயில் என்றால் பாறையைத் துளைக்காதீர்கள். 1973-இல் குனோங் சீரோவில் பாறை சரிந்து சுமார் 40 உயிர் போனதை ஈப்போ பெரியவர்கள் மறக்கவில்லை.

முறையான சான்று முத்திரை உள்ள கருவிகளையே வாங்குங்கள். சக்திக்கு நம் நாட்டின் தொடர்பு, பல்லூடக ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது, அதை மீறாதீர்கள். இணைய நிறுவன ஒப்பந்தத்தில் லைனைப் பலரோடு பகிர இடம் உண்டா என்றும் பாருங்கள். உயரத்தில் ஏறும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள். துணிச்சல் காட்டும் இடம் அதுவல்ல.

குழுப் பயிற்சி

அடுத்த கூட்டத்துக்குள் மூன்று வேலைகளை முடியுங்கள்.

ஒன்று: உங்கள் கோயில் திடலை நடந்து அளந்து, சிக்னல் எண்களோடு ஒரு படம் வரையுங்கள்.

இரண்டு: பத்து வீடுகளில் போய், எந்த நேரத்தில் எதற்கு இணையம் வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டி சொல்வதையும் எழுதுங்கள்.

மூன்று: பழுதானால் பார்க்க இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவராவது அங்கேயே குடியிருப்பவராக இருக்கட்டும். ரௌட்டர் கடவுச்சொல், தடங்களின் எண், கம்பி போகும் பாதை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் பெட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். திறப்பு விழாவுக்கு ஆள் நிறைய வருவார்கள். இடி விழுந்த மறுநாள் காலையில் வந்து பார்ப்பவர்தான் அந்தப் பிள்ளைகளின் வகுப்பைக் காப்பாற்றுகிறவர்.