மீட்டர் அணைந்தால் முதலில் எங்கே பார்ப்பது?



எங்கள் கூட்டமைப்பின் மாதக் கூட்டம் ஒன்றில் ஒரு உறுப்பினர் அவசரக் கடன் கேட்டார். தினமும் விடிகாலையில் இட்லி மாவு பாக்கெட்டுகளை ஸ்கூட்டரில் எடுத்துப் போய் நான்கு ஊர்க் கடைகளுக்குப் போடுகிறவர் அவர். "மீட்டர் போயிடுச்சுக்கா. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னே தெரியல. டவுன்ல காட்டினேன். புது மீட்டர்தான் போடணும், ஆறாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

தீர்மானம் எழுத நோட்டைத் திறந்துவிட்டோம். அப்போது ஆட்டோ ஓட்டும் உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "ஹாரன் அடிக்குதா?"

"சில நேரம் அடிக்குது, சில நேரம் அடிக்கல."

"அப்ப மீட்டர் மட்டும் கெட்டுப் போகலையே! வா, வண்டியப் பார்ப்போம்."

எல்லோரும் வாசலுக்குப் போனோம். பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தால், பாசிட்டிவ் முனையின் போல்ட் விரலாலேயே சுற்றியது. இரண்டு மாதத்துக்கு முன் ரோட்டோரக் கடையில் செல்போன் சார்ஜர் மாட்டியிருக்கிறார். அதன் ஒயர் வளையத்தைப் போல்ட்டுக்கு அடியில் வைத்தவர் சரியாக முடுக்கவில்லை. மண் ரோட்டுக் குலுக்கலில் அது மெல்ல மெல்லத் தளர்ந்துவிட்டது. ஸ்பேனரால் முடுக்கிச் சாவியைத் திருப்பினோம். மீட்டர் பளிச்சென்று எரிந்தது. செலவு ஒரு பைசா இல்லை. அந்த மாதம் அந்தக் கடன் தொகை வேறொரு உறுப்பினர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது.

இந்த அனுபவத்தைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஏன் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்த காலத்தில் அந்த மாதிரி வண்டிகளில் கெட்டுப் போக அதிகம் ஒன்றும் இல்லை. இன்றைய ஸ்கூட்டர் அப்படியில்லை. மீட்டரே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். சில வண்டிகளில் செல்போனோடு சேர்ந்து வழி காட்டுகிறது, யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்கிறது. போன் சார்ஜ் செய்யவும் இடம் இருக்கிறது.

பணிபுரியும் மகளிருக்கு ஸ்கூட்டர் வாங்க 2018-ல் தமிழக அரசு மானியம் கொடுக்கத் தொடங்கியது. பாதி விலை அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது கிடைத்தது. அதில் வாங்கியவர்களும், குழுக் கடனில் வாங்கியவர்களும் நம்மில் நிறையப் பேர். வண்டி ஒரு நாள் நின்றால் நம் ஒரு நாள் வருமானம் நிற்கிறது. "எலக்ட்ரானிக் சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கினால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

வாய்க்காலைப் பாருங்கள்

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலையா குறை சொல்வோம்? மடை திறந்திருக்கிறதா, வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று மேலிருந்துதானே பார்த்து வருவோம். வண்டி மின்சாரமும் அப்படித்தான். பேட்டரிதான் ஏரி. ஃபியூஸ் மடை. ஒயரும், ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரும் வாய்க்கால். மீட்டர் கடைசி வயல். விலை அதிகமானது மீட்டர். ஆனால் முதலில் பழுதாவது பெரும்பாலும் வாய்க்கால்தான்.

முதலில் மூன்று கேள்வி

கருவி எதுவும் வேண்டாம். சாவியைத் திருப்பிவிட்டுக் கவனியுங்கள்.

1. மீட்டரோடு ஹாரன், இண்டிகேட்டர், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் வேலை செய்யவில்லையா? அல்லது விட்டு விட்டு வேலை செய்கிறதா? அப்படியென்றால் குறை பேட்டரி பக்கம். பேட்டரி முனை, மெயின் ஃபியூஸ், எர்த் ஒயர் இவற்றைப் பாருங்கள்.

2. மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது, மீட்டர் மட்டும் வரவில்லையா? மீட்டருக்குத் தனி ஃபியூஸ் இருந்தால் அதைப் பாருங்கள். அடுத்தது மீட்டருக்குப் பின்னால் உள்ள கப்ளர். இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

3. மீட்டர் எரிகிறது, போன் மட்டும் சேரவில்லையா? வண்டியில் கை வைக்காதீர்கள். குறை அநேகமாகப் போனில்தான் இருக்கும்.

இன்னும் ஓர் அடையாளம். செல்ஃப் பட்டனை அழுத்தும்போது மீட்டர் மங்கி அணைந்து மீண்டும் வந்தால், அல்லது கடிகாரம் அடிக்கடி முதலிலிருந்து ஓடினால், பேட்டரி பலவீனம் அல்லது முனை தளர்ச்சி என்று பொருள். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் அணைந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

நாமே செய்து பார்ப்போம்

முதலில் பாதுகாப்பு. சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். உலோக வளையலைக் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலி வெளியே தொங்காமல் உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி அருகில் தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது.

பேட்டரி எங்கே இருக்கிறது என்று வண்டியோடு தந்த புத்தகத்தில் படம் இருக்கும். சில வண்டியில் சீட்டுக்கு அடியில், சில வண்டியில் கால் வைக்கும் இடத்தில் இருக்கும்.

*முனைகள்:* போல்ட் ஆடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. கழற்றுவதானால் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஏன் இந்த வரிசை? நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் தொடும் ஸ்பேனர் வண்டி இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பூத்ததை உப்புத்தாளால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, இறுக்கமாக முடுக்குங்கள். மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் மறுபடி பூப்பது குறையும். தூசியை வாயால் ஊத வேண்டாம். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

*ஃபியூஸ்:* உள்ளே தெரியும் மெல்லிய தகடு அறுந்திருந்தால் ஃபியூஸ் போய்விட்டது. மேலே உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள ஃபியூஸை மட்டும் போடுங்கள். பொதுவாக 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது. அதற்கு மேல் மெக்கானிக் வேலை.

*ஒயர்:* நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறோம். எலி ஒயரைக் கடித்திருக்கலாம். பேட்டரியிலிருந்து வண்டி இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட் துருப்பிடித்திருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்த அளவில் பாருங்கள்.

*கப்ளர்:* மழையில் நனைந்தாலோ, அழுத்தமான தண்ணீர் பீச்சிக் கழுவினாலோ ஈரம் புகுந்துவிடும். மெக்கானிக்கிடம் சொல்லி மீட்டரின் கப்ளரைக் கழற்றிக் காயவைத்து மறுபடி அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மீட்டர் கண்ணாடிக்குள் லேசாகப் பனி படர்ந்தால் பயப்பட வேண்டாம், வெயில் பட்டால் போய்விடும். தண்ணீர் சொட்டாகவே நின்றால் காட்ட வேண்டும்.

*அளந்து பார்ப்பது:* மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழுவுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம். நேர் மின்சாரம் அளக்கும் 20 வோல்ட் இடத்தில் திருப்பி, சிவப்பை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. வண்டியை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை; புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். 15-ஐத் தாண்டினால் உடனே காட்டுங்கள். ரெகுலேட்டர் கோளாறு மீட்டரையே எரித்துவிடும்.

போன் சேரவில்லை என்றால்

போனில் புளூடூத் எரிகிறதா பாருங்கள். வண்டிக் கம்பெனியின் செயலி கேட்கும் இருப்பிட அனுமதியும் அறிவிப்பு அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். போனின் பேட்டரி சேமிப்பு முறை அந்தச் செயலியை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்படியும் சேரவில்லையா? போனிலும் வண்டியிலும் பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். வீட்டில் மகனின் போன் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் நம் போன் சேராமல் போகலாம்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அடிக்கடி கெடுவது கேபிள்தான்.

செய்யக் கூடாதவை

ஃபியூஸ் இடத்தில் செப்புக் கம்பியோ பெரிய எண் ஃபியூஸோ போடாதீர்கள். ஃபியூஸ் எரிந்து நம்மைக் காப்பாற்றுகிறது. அதை ஏமாற்றினால் ஒயர் எரியும், வண்டியே எரியும்.

சார்ஜர், கூடுதல் லைட் மாட்டினால் சாவியை அணைத்ததும் அதுவும் அணையும்படி, தனி ஃபியூஸோடு மாட்டச் சொல்லுங்கள். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். வாரண்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டினால் வாரண்டி மறுக்கப்படலாம்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பெரிய பேட்டரியைத் திறக்கவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பெட்ரோல் ஸ்கூட்டர்களில் எஞ்சின் படம் போட்ட விளக்கு ஓடும்போதும் அணையாமல் இருந்தால், அதைக் கருவி வைத்துத்தான் படிக்க முடியும். சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கடைக்குப் போகும்போது

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறவர் இல்லை. கூட்டத்தில் அவசரமாகச் சொல்லிவிடுவதும் உண்டு. "மீட்டர் போச்சு" என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. "எப்போது அணைகிறது, அப்போது ஹாரன் அடிக்கிறதா" என்று கண்டதைச் சொல்லுங்கள். "பேட்டரி முனை, ஃபியூஸ், கப்ளர் பார்த்தீர்களா அண்ணா?" என்று கேளுங்கள். செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். மீட்டரையே மாற்றினால் அதுவரை ஓடிய கிலோமீட்டரை பில்லில் எழுதச் சொல்லுங்கள்; வண்டியை விற்கும்போது அது வேண்டும். நியாயம் கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேரிடம் வண்டி இருக்கிறது? போன வருடம் பழுதுக்காக எத்தனை பேர் கடன் வாங்கினோம்?

2. ஒவ்வொருவரும் தம் வண்டியில் பேட்டரி, ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். தெரியாதவருக்குத் தெரிந்தவர் சொல்லிக் கொடுங்கள்.

3. ஒரு மல்டிமீட்டர், ஒரு செட் ஸ்பேனர், சில ஃபியூஸ் – இவற்றைக் குழுப் பொதுச் செலவில் வாங்கலாமா? யார் பொறுப்பில் வைக்கலாம்?

அந்த மாவு வியாபாரம் செய்யும் சகோதரி இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பேட்டரி முனையைத் தானே பார்த்து முடுக்குகிறார். "ஆறாயிரத்துக்கு வட்டி கட்டியிருப்பேனே" என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். நாமும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தானே. மூடியைத் திறந்து பார்க்கவும் கற்றுக்கொள்வோம்.