செயின் நேராக ஓடுகிறதா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பஞ்சர் ஒட்டிப் பின்சக்கரத்தை மாட்டிய மறுநாளே செயின் பக்கம் கரகரவென்று சத்தம் கேட்டால், பலரும் எண்ணெய் விட்டுவிட்டு ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். சத்தம் அடங்கும், கோளாறு அடங்காது. முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், செயினின் உள்தகடுகள் பற்களின் பக்கவாட்டை உரசிக்கொண்டே ஓடும். நம் ஊரில் 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் செயின் முழுக் கவருக்குள் இருப்பதால், தேய்மானம் முற்றும்வரை கண்ணில் படுவதில்லை.

இந்தக் கோளாறு இரண்டு வகை. ஒன்று, சக்கரம் கோணலாக நிற்பது. மற்றது, சக்கரம் நேராக இருந்தும் ஸ்ப்ராக்கெட் பக்கவாட்டில் தள்ளி நிற்பது. முதலாவதை அட்ஜஸ்டரால் சரிசெய்யலாம். இரண்டாவதை அட்ஜஸ்டரால் சரிசெய்யவே முடியாது. எந்த வகை என்று தெரிந்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. சமதளத்தில் டபுள் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வையுங்கள்.

2. செயின் கவரைக் கழற்றிப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் நேர்கோடு தவறியிருக்கிறது. செயினின் உள்தகடுகளிலும் இதே தடம் தெரியும்.

3. வண்டிக்குப் பின்னால் குனிந்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். செயின் பற்களின் நடுவில் ஓட வேண்டும். ஸ்ப்ராக்கெட் இடமும் வலமும் ஆடினால், அது வளைந்திருக்கலாம், அல்லது கப்ளிங் ரப்பரோ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

4. நேரான இரும்பு ஸ்கேலைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் தட்டையான முகத்தில் ஒட்டி வைத்து, முன்பக்கம் செயினோடு நீட்டிப் பிடியுங்கள். ஸ்கேலுக்கும் செயினுக்கும் உள்ள இடைவெளி நெடுகிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து ஆக்ஸிலின் மையம்வரை இருபக்கமும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் சக்கரம் கோணல். ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். டிரம் பிரேக் வண்டியானால் பிரேக் டார்க் ராடின் நட்டையும் தளர்த்துங்கள். பிறகு அட்ஜஸ்டரைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, இரண்டு அளவையும் ஒன்றாக்குங்கள்.

6. இருபக்க அளவும் ஒன்றாக இருந்தும் ஸ்கேல் விலகலைக் காட்டினால், சக்கரத்தின் ஸ்பேசர்கள் இடம் மாறியிருக்கின்றனவா, முன் ஸ்ப்ராக்கெட்டின் லாக் தகடு தளர்ந்திருக்கிறதா, ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கிறதா, மாட்டியிருப்பது உங்கள் மாடலுக்கான ஸ்ப்ராக்கெட்தானா என்று வரிசையாகப் பாருங்கள்.

7. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் தளர்வை அளவிடுங்கள். பல கம்யூட்டர் வண்டிகளுக்கு இது 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

8. சக்கரத்தைப் பின்னாலிருந்து முன்பக்கம் அழுத்திப் பிடித்தபடி ஆக்ஸில் நட்டைக் கையேட்டு டார்க் அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கும்போதும் ஆக்ஸில் நகரும் என்பதால் மறுபடியும் அளந்து பாருங்கள். தளர்த்திய டார்க் ராட் நட்டையும் இறுக்கி, பிரேக் பெடலின் ஃப்ரீ பிளே அளவையும் பிரேக் விளக்கையும் சோதித்த பிறகே வண்டியை எடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைப் பார்க்கவோ துடைக்கவோ கூடாது. துணி சிக்கினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துவிடும்.

2. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். அவை முதல் வழிகாட்டி மட்டுமே. முடிவான அளவை ஸ்கேலும் டேப்பும்தான் சொல்லும்.

3. ஸ்பேசர் தவறாக இருக்கும்போது, செயின் நேராகத் தெரியட்டும் என்று அட்ஜஸ்டரை ஒருபக்கம் இழுக்காதீர்கள். செயின் நேராகலாம், ஆனால் சக்கரம் கோணலாகி வண்டி ஒருபக்கம் இழுக்கத் தொடங்கும்.

4. சத்தத்தை அடக்கச் செயினை இறுக்கமாக்காதீர்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது இன்னும் இறுகும். அந்தச் சுமை சக்கர பேரிங்கையும், முன் ஸ்ப்ராக்கெட் இருக்கும் ஷாஃப்டின் பேரிங்கையும் கெடுக்கும்.

5. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டாதீர்கள். செட்டாகவே மாற்றுங்கள்.

6. செயின் லாக் கிளிப்பைத் திருப்பிப் போடாதீர்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

7. தொலைந்த ஸ்பேசருக்குப் பதிலாக வாஷர்களை அடுக்காதீர்கள்.

8. விபத்தில் வளைந்த ஸ்விங் ஆர்மைத் தட்டி நிமிர்த்த விடாதீர்கள். அதை மாற்றுவதே சரி.

கோணலாக ஓடும் செயின் பற்களை விட்டுக் கழன்றால், ஓடும் வண்டியின் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். அதனால் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், “அண்ணே, ரெண்டு பக்கமும் அளந்து பாத்துடுங்க” என்று மெக்கானிக்கிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகலாம், நின்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.