நெல்வயலில் ஒரு துள்ளி

வயல்வரம்பில் வெடுக்கெனத் தாவிப் பறக்கும் கபில நிறப் பூச்சியைப் பலர் அந்துப்பூச்சி என்கிறார்கள். அது வண்ணத்துப்பூச்சி. ஆங்கிலத்தில் 'ரைஸ் ஸ்விப்ட்', விஞ்ஞானப் பெயர் போர்போ சின்னாரா. உணர்கொம்பின் நுனி கொளுக்கிபோல் வளைந்திருப்பது துள்ளிக் குடும்பத்தின் அடையாளம்.

இதைப்போலவே தோன்றும் பெலோபிடாஸ் மத்தியாஸ் என்ற இனத்தில், ஆணின் முன்சிறகின் மேற்புறத்தில் சாய்வான கோடொன்று உண்டு, இதில் இல்லை. பெண்களைப் பிரித்தறியச் சிறகுப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். அதற்குள் அது பறந்துவிடும்!

பச்சைநிறக் குடம்பி நெல்லையும் புற்களையும் உண்கிறது. இலையோரங்களைப் பட்டிழையால் இணைத்து, குழாயாக்கி ஒளிந்துகொள்கிறது. மடிந்த இலையைக் கண்டதும் வாப்பா, "இலைச்சுருட்டிப் புழு, மருந்தடிக்க வேணும்" என்பார். ஆனால் இலைச்சுருட்டி பச்சையத்தைச் சுரண்டுவதால் வெண்கோடுகள் விழும். துள்ளியோ ஓரத்திலிருந்து கடித்து நடுநரம்பை மிச்சம் வைக்கும். துள்ளியால் பெரும்பாலும் பெரிய நட்டமில்லை. அதன் குடம்பிகளை ஒட்டுண்ணிக் குளவிகளே குறைக்கின்றன. மருந்தடித்தால் அக்குளவிகளும் சாகும். இந்தப் போகத்தில் முதலில் இலையை விரித்துப் பார்ப்பதென்று வாப்பாவிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.